999 என்றால் படம் இல்லை

படம் ஒன்றுக்கு நாலு ரூபாய்.
கல்லடியில் மருந்துக்கடைக்கு மேல் ஓர் அறையில்
மின்விசிறி இரண்டில் ஓட,
வடதுருவத்துக்குக் கிட்ட ஓடும் ஆறொன்றை
நான் வாசிக்கிறேன்.

கரையில் ஒரு கட்டை நட்டிருக்கிறார்கள்,
கறுப்பும் மஞ்சளுமாய்ச் சென்ரிமீற்றர் கோடுகள்.
எதிரே ஒரு கமரா, மணிக்கொரு படம்.
தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ
அதை எழுத வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.

முதல் கிழமை நேரமே பிடிபடவில்லை.
பாலத்துக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை,
அந்தப் பக்கம் படுவான்கரை,
சூரியனைப் பார்த்து நிலத்துக்குப் பேர் வைத்த ஆட்கள் நாங்கள்.
அங்கே ஆனி மாதம் அது எழவுமில்லை படவுமில்லை,
செக்குமாடு மாதிரி வானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் ஆற்றுக்கு மணி தெரியும்.
விடியப்புறம் நாலுக்கு ஒடுங்கிக் கிடக்கும்.
மத்தியானம் உருகியது
பனிக்குள் வழி தேடி இறங்கி வந்து சேர
இரவு ஒன்பதாகும்.
ஒன்பதுக்குக் கட்டைக்குக் கழுத்தளவு.
நிறம், அரிசி களைந்த தண்ணீர்:
மலையை அரைத்த மா அது.

வருடத்துக்கு ஒரு கோப்புறை.
பழையவற்றில் ஆனி நடுவில்தான் கண் விழிக்கும்,
புரட்டாதியில் உறைந்துவிடும்,
மாசிப் படமெல்லாம் ஒரே கறுப்பு.
பிறகு வந்தவற்றில் வைகாசியிலேயே ஈரம்,
ஐப்பசியிலும் படுக்கவில்லை.
ஓர் ஆடியில் கட்டையே தாண்டுபட்டது.

"ஆறு வருசத்துக்கு வருசம் கொழுக்குது" என்றேன் தேவகடாட்சனிடம்.
உன்னிச்சைக் குளத்தில் அவன் வாசிப்பதும்
இதே மாதிரிக் கட்டைதான், தற்காலிக நியமனம்.
அவன் கேட்டது ஒன்றே ஒன்று:
"மழை எவ்வளவு?"

மழைக்கு ஒரு நிரல் இருந்தது.
ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட அதே அளவு.
அன்றைக்கு மூன்று மணித்தியாலம்
ஒரு படமும் வாசிக்கவில்லை.
விதைநெல்லைக் குத்திச் சோறாக்கும் வீட்டில்
முதல் வருடம் பந்தி பெரிதாகத்தான் இருக்கும்.

அடுத்த கோடை கட்டை தாழவில்லை.
அதற்கடுத்தது நெஞ்சளவு,
பிறகு இடுப்பு.

பிறகு ஓர் ஆவணி பதினாறு.
இரவு எட்டு: 64.
ஏற வேண்டிய நேரம்.
ஒன்பது: 31.
பத்து: கல்.

கட்டை நட்டபடி நிற்கிறது.
இவ்வளவு தெளிவாகக் கோடுகளை நான் பார்த்ததேயில்லை.
ஒரு காட்டு வாத்து குறுக்கே போகிறது,
கால் நனையாமல்.

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது.
777 உறைந்த தண்ணீர். 888 புகார். 999 படம் இல்லை.
0 என்றால் வற்றியது.
வற்றவில்லையே. ஒரு மணித்தியாலத்தில் எது வற்றும்?

ரக்ன்ஹில்டுக்கு எழுதினேன். மறுநாள் பதில்:
பனியின் மூக்கு பின்வாங்கிவிட்டது,
தண்ணீர் மேட்டின் மற்றப் பக்கத்தால்
வழி கண்டுகொண்டது.
அந்தப் பக்கம் நமக்குக் கட்டை இல்லை.
கண்டதை எழுது.

அந்தக் கிழமைதான் முகத்துவாரம் வெட்டினார்கள்.
படுவான்கரை வயல் தாழுது, வெட்டு என்று ஒரு பக்கம்,
இறால் இன்னும் முற்றவில்லை, பொறு என்று ஒரு பக்கம்,
கச்சேரியில் இரண்டு நாள் கத்தல்.
பெக்கோ கீறியது ஆறடி வாய்க்கால்.
விடிய அது அறுபதடி.
கீறியவர்களே தள்ளி நின்று பார்த்தார்கள்.

குறிப்பு என்ற கட்டத்தில்
எங்கள் ஊர்ப் பேச்சில் தட்டினேன்:
ஆறு கிறுகிற்று.
மென்பொருள் அதை
வெறும் சதுரங்களாய்க் காட்டியது.
சதுரங்களையே சேமித்தேன்.

இலக்கம் இல்லாமல் அடுத்த படத்துக்கு விடாது.
0 போட்டேன்.
அடுத்தது.
வாத்தும் போய்விட்டது.

இன்னும் மூவாயிரத்து இருநூறு படம் இருக்கிறது.